விமான எஞ்சினுக்கு ஏன் கேடலிடிக் கன்வெர்ட்டர் இல்லை? புகையை வேறு எப்படிக் குறைக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: கார், லாரி, பைக் எல்லாவற்றுக்கும் பிஎஸ்-6 மாசு விதி வந்துவிட்டது. புகைக்குழாயில், வினையூக்கியால் புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, டீசல் லாரிக்கு யூரியா கரைசல்கூட ஊற்றுகிறோம். ஜெட் எஞ்சினுக்கு மட்டும் ஏன் இப்படி எதுவும் இல்லை? அங்கே புகையைக் குறைக்க என்னதான் செய்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், ஜெட் எஞ்சினில் எரிந்து முடிந்த பிறகு சுத்தம் செய்ய வழி கிடையாது. அதனால் எரியும்போதே அழுக்கு உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை முழுவதும், காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்கும் சூடான வாயுவால் சுழலும் டர்பைனுக்கும் நடுவே இருக்கும் எரியறைக்குள், ஒரு முழம்கூட நீளம் இல்லாத வளைய வடிவ இடத்தில், சில மில்லி விநாடிகளுக்குள் நடந்து முடிகிறது. ஐம்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் நடந்த முக்கியமான முன்னேற்றம் எல்லாம் அந்த ஒரு முழத்துக்குள்தான். ஆனால் எரிபொருளிலும் தரையிலும் செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்பது என் கருத்து. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கன்வெர்ட்டர் விஷயத்தை முடித்துவிடுவோம். பெட்ரோல் காரில் இருப்பது மூவழி கன்வெர்ட்டர். அது வேலை செய்ய காற்றும் எரிபொருளும் சரிவிகிதத்தில் எரிந்திருக்க வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கக்கூடாது. ஜெட் எஞ்சினில் நிலைமை நேரெதிர். 1 கிலோ எரிபொருள் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று போதும். ஆனால் எஞ்சினின் மையப் பகுதி வழியாகப் போவது முழு விசையில்கூட அதைப்போல் சுமார் மூன்று மடங்கு. மிச்சக் காற்று இல்லாவிட்டால் டர்பைன் பிளேடுகள் தாங்காது. ஆகவே வெளியே வரும் வாயுவில் ஆக்சிஜன் ஏராளமாக இருக்கும், அந்தச் சூழலில் மூவழி கன்வெர்ட்டரால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க முடியாது.

யூரியாவும் வினையூக்கியும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் லாரி முறைக்கு ஆக்சிஜன் ஒரு தடையில்லை. அங்கே பிரச்சினை அளவு. போயிங் 737-ல் இருக்கும் சிஎஃப்எம்56 எஞ்சினின் மையப் பகுதி வழியாக டேக்-ஆஃப் நேரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 60 கிலோ காற்று பாய்கிறது. அவ்வளவையும் நுண்துளைகள் நிறைந்த ஒரு வினையூக்கிக்குள் நுழைத்து வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதன் குறுக்களவு எஞ்சினைவிடப் பெரிதாகிவிடும். எடை ஒரு பக்கம். வாயு வெளியேறும் வேகம்தான் உந்துவிசை என்பதால், வழியில் தடை வைத்தால் உந்துவிசையே குறையும். போதாததற்கு விமான எரிபொருளில் இருக்கும் கந்தகம் வினையூக்கியைக் கெடுக்கும். 2021-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இதற்கு ஒரு மாற்று யோசனையை வெளியிட்டார்கள்: டர்பைனை விமானத்தின் உடலுக்குள் வைத்து மின்சாரம் தயாரிப்பது, இறக்கையில் மின்மோட்டார் விசிறிகள், டர்பைனின் புகையை உள்ளேயே வினையூக்கி வழியாக விடுவது. நைட்ரஜன் ஆக்சைடில் 95 சதவீதம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு விமானத்தையே புதிதாக வடிவமைக்க வேண்டும், கந்தகம் நீக்கிய எரிபொருளும் வேண்டும். இன்று பறக்கும் விமானங்களுக்கு அது உதவாது.

சரி, அப்படியானால் எரியறைக்குள் என்ன நடக்கிறது? கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் எரிந்தால் வந்தே தீரும். 1 கிலோ எரிபொருளுக்கு 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதைக் குறைக்க எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். எரியறையை வடிவமைப்பவரின் கையில் இருப்பவை நான்கு: கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், கரித்துகள், நைட்ரஜன் ஆக்சைடுகள். கடைசியாகச் சொன்னதைத் துறையில் நாக்ஸ் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த நான்கும் ஒரே இடத்தில் ஒரே காரணத்தால் பிறப்பதில்லை என்பதுதான் மொத்தத் தலைவலிக்கும் காரணம்.

ஒரு எஞ்சினை எடுத்துப் பார்ப்போம். பழைய 737-800-களில் இருந்த சிஎஃப்எம்56-7பி26. தரையில் சும்மா ஓடும்போது அது நொடிக்கு 0.11 கிலோ எரிபொருள் குடிக்கும். அந்த நிலையில் 1 கிலோ எரிபொருளுக்கு ஏறக்குறைய 19 கிராம் கார்பன் மோனாக்சைடு வரும், நாக்ஸ் 5 கிராம்தான். முழு விசையில் டேக்-ஆஃப் ஆகும்போது நொடிக்கு 1.2 கிலோ எரிபொருள். இப்போது கார்பன் மோனாக்சைடு வெறும் 0.2 கிராம், நாக்ஸோ 29 கிராம். ஒன்று அடங்கும்போது இன்னொன்று எழுகிறது. காரணம் எளிது. மெதுவாக ஓடும்போது எரியறைக்குள் வரும் காற்றில் அழுத்தமும் வெப்பமும் குறைவு. எரிபொருள் நன்றாகத் தூவப்படாமல் பெரிய துளிகளாக விழுகிறது. சுவரைக் குளிர்விக்க விடும் காற்றில் பட்டுப் பாதி எரிந்த வாயு மேற்கொண்டு எரியாமல் அப்படியே நின்றுவிடுகிறது. முழு விசையில் எரிபொருள் கிட்டத்தட்ட முழுதாக எரிகிறது, ஆனால் சுடரின் வெப்பம் ஏறுகிறது. 1800 கெல்வினைத் தாண்டினால் காற்றில் இருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேரத் தொடங்கும். அதற்கு மேல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் நாக்ஸ் மடமடவென்று ஏறும். ஆக, நாக்ஸில் இருக்கும் நைட்ரஜன் எரிபொருளிலிருந்து வருவதில்லை. எரிபொருளை எவ்வளவு சுத்தம் செய்தாலும் இந்த நாக்ஸ் குறையாது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, சான்றிதழ் கொடுக்க இந்த இரண்டு முனைகளையும் சேர்த்தே அளக்கிறது. 915 மீட்டர் உயரத்துக்குக் கீழே நடப்பதை ஒரு சுற்றாக வைத்திருக்கிறார்கள்: டேக்-ஆஃப் 0.7 நிமிடம், 85 சதவீத விசையில் மேலேறுதல் 2.2 நிமிடம், 30 சதவீத விசையில் இறங்குதல் 4 நிமிடம், 7 சதவீத விசையில் தரை ஓட்டம் 26 நிமிடம். மேலே சொன்ன எஞ்சினுக்கு நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒரு சுற்றில் வரும் கார்பன் மோனாக்சைடில் 10-ல் 9 பங்குக்கு மேல் அந்த 26 நிமிடத் தரை ஓட்டத்தில் வருகிறது. நாக்ஸில் பாதிக்கு மேல் டேக்-ஆஃபும் மேலேறுதலும் சேர்ந்த மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது.

முதலில் ஒழிந்தது கண்ணுக்குத் தெரிந்த புகை. போயிங் 727, பழைய 737-200, டிசி-9 ஆகியவற்றில் இருந்த ஜேடி8டி எஞ்சின் டேக்-ஆஃபில் கருப்பாகப் புகையைக் கக்கும். இந்தியன் ஏர்லைன்ஸின் 737-200 மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பியதைப் பார்த்த தலைமுறைக்கு அது நினைவிருக்கலாம். எரியறையின் முன்பகுதியில் எரிபொருள் அதிகமாகவும் காற்று குறைவாகவும் இருந்ததுதான் காரணம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்த எஞ்சின்களுக்கு எரியறையை மாற்றி, முன்பகுதிக்குக் கூடுதல் காற்று கொடுத்தார்கள். புகை போயிற்று. ஆனால் காற்று கூடியதும் சுடர் சரிவிகிதத்துக்கு நெருங்கி, வெப்பம் ஏறி, நாக்ஸ் கூடிவிட்டது. மக்கள் கண்ணுக்கு வானம் சுத்தமாகத் தெரிந்தது, காற்றில் போனது வேறு.

அதே காலத்தில் சூப்பர்சானிக் விமானங்கள் ஓசோன் படலத்தைக் குறைத்துவிடுமோ என்ற கவலை அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. சந்தேகம் நாக்ஸ் மேல்தான். நகரங்களின் புகைமூட்டத்துக்கும் நாக்ஸ் ஒரு மூலப்பொருள். நாசா 1970களில் ஜெனரல் எலக்ட்ரிக்கையும் பிராட் அண்ட் விட்னியையும் வைத்து ஒரு சுத்தமான எரியறைத் திட்டத்தை நடத்தியது. அதில் பிறந்த ஒரு யோசனை, ஒரு வளையத்துக்குப் பதில் இரண்டு வளையம். வெளிவளையம் மெதுவாக ஓடும்போது, உள்வளையம் விசை கூடும்போது. ஒவ்வொன்றையும் அதனதன் வேலைக்கு ஏற்ப வடிவமைக்கலாம். அது விமானத்தில் ஏற இருபது ஆண்டுகள் பிடித்தன: 1995-ல் சுவிஸ் ஏர் விமானங்களில் இரட்டை வளைய சிஎஃப்எம்56-5பி வந்தது, அதே ஆண்டு ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜிஇ90 எஞ்சினிலும் வந்தது. 1997-ல் சூரிக் விமான நிலையம் எஞ்சின் விடும் மாசுக்கு ஏற்பத் தரையிறங்கும் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஆனாலும் இரட்டை வளையம் நிலைக்கவில்லை. எரிபொருளைத் தூவும் நாசில் இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு சுவர்ப்பரப்பு, அதைக் குளிர்விக்க அதிகக் காற்று. இரண்டு வளையமும் மாறி மாறி எரியும்போது டர்பைனுக்குப் போகும் வெப்பத்தின் பரவலும் மாறிக்கொண்டே இருக்கும், பிளேடுகளுக்கு அது நல்லதில்லை. பராமரிப்பவர்களுக்கு அது ஒரு சுமையாகவே இருந்தது.

இன்று இரண்டு பாதைகள் நிலைத்திருக்கின்றன. இரண்டையும் புரிந்துகொள்ள வீட்டு மண்ணெண்ணெயை நினைத்துக்கொள்ளலாம். விமான எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான். சிம்னி விளக்கில் காற்று பற்றாமல் எரிகிற மஞ்சள் சுடர், கண்ணாடியில் கரி படியும். பம்ப் ஸ்டவ்வில் எண்ணெய் ஆவியாகி, காற்றோடு கலந்த பிறகு எரிகிற நீலச் சுடர், பாத்திரத்தில் கரி பிடிக்காது. ஒரு பாதை மஞ்சள் சுடரில் தொடங்கி உடனே அதிலிருந்து தப்பி ஓடுவது. மற்றது நேரே நீலச் சுடரையே எரிப்பது.

முதல் பாதையில் எரியறையின் முன்பகுதியில் வேண்டுமென்றே எரிபொருளை அதிகமாக வைக்கிறார்கள். அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை, வெப்பமும் உச்சத்துக்குப் போவதில்லை, நாக்ஸ் உண்டாவது குறைவு. ஆனால் கரியும் கார்பன் மோனாக்சைடும் நிறைய. அடுத்து, சுவரில் இருக்கும் பெரிய துளைகள் வழியாகக் காற்றை வேகமாகப் பாய்ச்சுகிறார்கள். கலவை எரிபொருள் மிகுந்த நிலையிலிருந்து காற்று மிகுந்த நிலைக்கு ஒரே தாவலில் போக வேண்டும். நடுவில் சரிவிகிதம் என்ற உச்சவெப்பப் புள்ளி இருக்கிறது. அதைக் கடக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நாக்ஸ் குறையும். கடந்த பிறகு, பின்பகுதியில் மிச்சக் கரியும் கார்பன் மோனாக்சைடும் எரிந்து தீர்கின்றன. பிராட் அண்ட் விட்னியின் டேலன் வகை எரியறைகளும் ரோல்ஸ்-ராய்ஸ் டிரென்ட் எஞ்சின்களும் இந்த வழி. ஏ320நியோவில் வரும் கியர் விசிறி எஞ்சினில் இருப்பது டேலன்-எக்ஸ்.

இந்த முறையின் உயிர் அந்தத் துளைகளில் இருக்கிறது. அவற்றின் அளவு, எண்ணிக்கை, எதிரெதிராக வைப்பதா மாற்றி வைப்பதா என்பதில்தான் போட்டியே. பாயும் காற்று நடுப்பகுதிவரை எட்டாவிட்டால் அங்கே ஒரு சூடான குமிழ் தங்கும், அதுவே நாக்ஸ் தொழிற்சாலை ஆகிவிடும். போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டு எரியறைக்குள் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணாலேயே தெரியும். ஒரு நாசில் ஒழுங்காகத் தூவாமல் ஒரு பக்கமாக ஒழுகினால், அதன் நேர் பின்னால் சுவரில் நீளமாக ஒரு பட்டை விழுந்திருக்கும். பூச்சு உரிந்து வெளுத்த பட்டை, அல்லது கரி அப்பிய பட்டை. பக்கத்து நாசிலுக்குப் பின்னால் சுவர் சீராக இருக்கும். வரைபடத்தில் எவ்வளவு அழகான எரியறையானாலும், ஒரு நாசில் சோர்ந்தால் மாசின் கணக்கு மாறிவிடும். அதனால் பராமரிப்பையும் மாசுக் குறைப்பில் சேர்க்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

இரண்டாவது பாதையில் எரியறைக்கு வரும் காற்றில் ஏறக்குறைய 70 சதவீதத்தை நாசிலைச் சுற்றியுள்ள சுழற்றிகள் வழியாக முன்னாலேயே விட்டு, எரிபொருளோடு கலந்து, காற்று மிகுந்த கலவையாகவே எரிக்கிறார்கள். உச்சவெப்பப் புள்ளியைத் தொடவே வேண்டாம். ஜெனரல் எலக்ட்ரிக் 2011-ல் சேவைக்கு வந்த ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில் இதைக் கொண்டுவந்தது. 2016-ல் ஏ320நியோவின் லீப் எஞ்சினுக்கும் வந்தது. பழைய இரட்டை வளையத்தின் பாடம் இதில் இருக்கிறது: இரண்டு தனி வளையங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு நாசிலுக்குள்ளேயே நடுவில் ஒரு சிறிய பைலட் சுடர், அதைச் சுற்றி முதன்மைச் சுடர். தரையில் அந்தப் பைலட் சுடர் மட்டும் எரியும். விசை கூடும்போது பெரும்பகுதி எரிபொருள் வெளிவட்டத்துக்குப் போகும். நாசிலுக்குள் இருக்கும் வளைந்து நெளிந்த வழிகளைப் பழைய முறையில் செய்வதென்றால் ஏறக்குறைய 20 துண்டுகளைச் செய்து ஒட்ட வேண்டும். லீப் எஞ்சினுக்கு அதை 3டி பிரிண்டிங்கில் ஒரே துண்டாக அமெரிக்காவின் அலபாமா மாநிலம் ஆபர்னில் அச்சடிக்கிறார்கள்.

அப்படியானால் எல்லோரும் இந்த வழிக்கே வந்திருக்கலாமே? தரையில் மின்சாரம் தயாரிக்கும் எரிவாயு டர்பைன்கள் இந்த வழிக்கு வந்துவிட்டன. முன்கூட்டியே கலந்த மெலிந்த கலவையை எரித்து நாக்ஸை மிகக் குறைவான அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விமானத்தில் அதை அப்படியே செய்ய முடியாததற்குக் காரணங்கள் உண்டு. மெலிந்த சுடர் அணையும் விளிம்பில் நிற்கும் சுடர். விமானி திடீரென்று விசையைக் குறைக்கலாம், எஞ்சினுக்குள் ஆலங்கட்டி மழை போகலாம், 10 கிலோமீட்டர் உயரத்தில் அணைந்துபோனால் அங்கேயே மறுபடி பற்றவைக்க வேண்டும். சுடர் துடிக்கும் வேகம் எரியறையின் ஒலி அதிர்வோடு ஒத்துப்போனால் உலோகமே விரிசல் விடும் அளவுக்கு அதிர்வு எழும். இன்னொரு பக்கம், முழு விசையில் கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று 600 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் எரிபொருளைக் கலந்து வைத்துக் காத்திருக்க நேரம் கிடையாது, கலக்கும் வழியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் விமானத்தில் பாதி கலந்து பாதி எரிகிற சமரசம்தான் சாத்தியம். அப்புறம், எஞ்சினை அணைத்த பிறகு எஞ்சியிருக்கும் சூட்டில் நாசிலுக்குள் தங்கிய எரிபொருள் வெந்து கரியாகப் படியும். லீப் எஞ்சினில் இது பெரிய பராமரிப்புத் தொல்லையாகி, அணைத்த பின் காற்றைப் பின்னோக்கி இழுத்துக் குளிரவைக்கும் ஓர் அமைப்பையே சேர்க்க வேண்டி வந்தது.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் உண்டு. இரண்டு பாதைகளிலும் நாக்ஸ் ஐசிஏஓவின் 2008 வரம்பில் ஏறக்குறைய பாதிதான் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. மெலிந்த கலவைப் பாதைக்கு ஒரு கூடுதல் லாபம், கரித்துகள் மிக மிகக் குறைவு. சுடர் நீலமாக எரிந்தால் கரி பிறக்க இடமில்லை.

வரம்புகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை 30 மடங்கு அழுத்தும் பெரிய எஞ்சினை எடுத்துக்கொண்டால், ஐசிஏஓ அனுமதித்த நாக்ஸ் ஆரம்பத்தில் 1 கிலோநியூட்டன் உந்துவிசைக்கு 100 கிராம். 1996-ல் 80, 2004-ல் 67, 2008-ல் 59, 2014-ல் 50 என்று இறங்கியிருக்கிறது. பாதியாகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அதே 2014 விதி 40 மடங்கு அழுத்தும் எஞ்சினுக்கு 70 கிராம்வரை அனுமதிக்கிறது. ஏன் என்றால், அழுத்தம் கூடினால் எரிபொருள் மிச்சமாகும், கார்பன் டை ஆக்சைடு குறையும். ஆனால் அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது, சுடர் இன்னும் சூடாகிறது, நாக்ஸ் ஏறுகிறது. கார்பனைக் குறைக்க எஞ்சினை எந்தத் திசையில் தள்ளுகிறார்களோ அதே திசையில் நாக்ஸ் வளர்கிறது. விதி இந்த இயற்பியலுக்கு இடம் கொடுத்திருக்கிறது. புதிய ஜிஇ9எக்ஸ் சுமார் 60 மடங்கு அழுத்துகிறது. அதன் எரியறைச் சுவரைப் பீங்கான் கலப்புப் பொருளில் செய்திருப்பதற்கும் இதுவே காரணம். அந்தச் சுவருக்குக் குளிர்விக்கும் காற்று குறைவாகப் போதும், மிச்சமாகும் காற்றைக் கலவைக்குக் கொடுக்கலாம். இதற்கு மேல் டர்பைனுக்குள் நுழையும் வாயுவே 1800 கெல்வினைத் தாண்டிவிட்டால், எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் நாக்ஸைத் தவிர்க்க முடியாது. அந்த எல்லைக்கு நாம் வெகு அருகில் வந்துவிட்டோம்.

இடையில் நம் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் ஈரம் இருந்தால் நாக்ஸ் குறையும். நீராவி சுடரின் வெப்பத்தைக் கொஞ்சம் இறக்குகிறது. சான்றிதழ் அளவீட்டில் இதற்கென்று ஒரு திருத்தச் சூத்திரமே இருக்கிறது. சென்னையின் புழுக்கமான நாளில், 30 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஈரத்தால் மட்டும் நாக்ஸ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று அந்தச் சூத்திரம் சொல்கிறது. ஆனால் அதே வெயில் கம்ப்ரஸருக்குள் நுழையும் காற்றையும் சூடாக்குவதால், கிடைத்த லாபத்தின் பெரும்பகுதி போய்விடும்.

இப்போது எரிபொருளுக்கு வருகிறேன். எனக்கு மிகுந்த மனத்தாங்கல் இருக்கும் இடம் இது. பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. ஜெட் ஏ-1 எரிபொருளுக்கு உலகெங்கும் உள்ள வரம்பு 0.30 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 3000. முந்நூறு மடங்கு. நடைமுறையில் கிடைக்கும் எரிபொருளில் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும், ஆனால் சாலை எரிபொருளோடு ஒப்பிட எந்த வகையிலும் முடியாது. இந்தக் கந்தகம் புகையில் கந்தக அமிலத் துளிகளாகி மிக நுண்ணிய துகள்களை உருவாக்குகிறது. எரிபொருளில் 25 சதவீதம்வரை அனுமதிக்கப்படும் அரோமாட்டிக் சேர்மங்கள், குறிப்பாக நாஃப்தலீன் வகைகள், கரித்துகளின் விதை. இந்தத் துகள்கள் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. கண்ணுக்குத் தெரியாது, எடையும் அற்பம், அதனால் எடையை வைத்து அளக்கும் வழக்கமான பிஎம் 2.5 அளவீட்டில் அவற்றின் பங்கு தெரிவதேயில்லை. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தைச் சுற்றி எண்ணிப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது: காற்று வீசும் திசையில் 16 கிலோமீட்டர் தள்ளியும் துகள் எண்ணிக்கை இரண்டு மடங்கு. ஐசிஏஓவும் புகையின் கருமையை அளக்கும் பழைய 'புகை எண்' முறையை விட்டுவிட்டு, துகளின் எடைக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு கொண்டுவந்துவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் அந்த வரம்பு எஞ்சினுக்குத்தான், எரிபொருளுக்கு இல்லை.

கந்தகத்தையும் நாஃப்தலீனையும் நீக்குவது புதிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. சுத்திகரிப்பு ஆலைகள் டீசலுக்கு அன்றாடம் செய்கிற ஹைட்ரஜன் சுத்திகரிப்புதான். செலவு உண்டு, ஹைட்ரஜன் தயாரிக்கக் கொஞ்சம் கார்பனும் வெளியேறும், கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பித் தரும் சிறு குளிர்ச்சியும் போய்விடும். இந்த ஆட்சேபங்கள் நியாயமானவை. ஆனாலும் விமான நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களின் நுரையீரலை வைத்துப் பூமியைக் குளிர்விக்கும் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. புது எஞ்சின் எல்லா விமானத்துக்கும் போய்ச் சேர முப்பது ஆண்டு ஆகும். எரிபொருளை மாற்றினால் அன்றைக்கே பழைய எஞ்சின், புது எஞ்சின் எல்லாவற்றிலும் பலன் தெரியும்.

தாவர எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து வரும் மாற்று எரிபொருளுக்கும் இதே குணம் உண்டு. அதில் கந்தகமும் அரோமாட்டிக்கும் கிட்டத்தட்ட இல்லை. இன்றைய தர விதிப்படி 50 சதவீதம்வரை கலக்கலாம். 2018-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் பறந்தது காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளை 25 சதவீதம் கலந்துதான். அதைத் தயாரித்தது டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம். 2023 நவம்பரில் விர்ஜின் அட்லான்டிக் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு முழுக்க மாற்று எரிபொருளில் பறந்தது. இந்தியா சர்வதேச விமானங்களுக்கு 2027-ல் 1 சதவீதம், 2030-ல் 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு சிறிதுதான். மீதி 95 சதவீதம் பழைய எரிபொருளாகவே இருக்கப்போகிறது என்பதால்தான் அதைச் சுத்திகரிக்கச் சொல்கிறேன்.

கரித்துகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. மேலே குளிர்ந்த ஈரக் காற்றில் அவற்றின் மேல் பனி படிந்துதான் வானில் வெள்ளைக்கோடுகள் உருவாகின்றன. சில கோடுகள் மணிக்கணக்கில் பரவி மேகமாகி, பூமியின் வெப்பத்தை அடைத்து வைக்கின்றன. 2021-ல் வெளிவந்த பெரிய மதிப்பீட்டின்படி விமானங்களால் வரும் வெப்பமூட்டலில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு மூன்றில் ஒன்றுதான். மீதியில் பெரும்பகுதி இந்தக் கோடுகளும் நாக்ஸும். ஆனால் அந்த மீதியின் அளவில் நிச்சயமின்மை மிக அதிகம். ஏர்பஸ் ஏ350 ஒன்றில் முழு மாற்று எரிபொருளை எரித்துப் பின்னாலேயே இன்னொரு விமானம் பறந்து அளந்தபோது, பனித்துகள்கள் 56 சதவீதம் குறைந்திருந்தன. கரி மிகமிகக் குறைந்துவிட்டால் கந்தகத் துளிகளும் எஞ்சின் எண்ணெய் ஆவியும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், அவற்றின் மேலும் பனி படியும். மறுபடி கந்தகத்திடமே வந்து நிற்கிறோம்.

தரையில் செய்யக்கூடியவை எளியவை. ஒரு எஞ்சினை மட்டும் ஓட்டித் தரையில் நகர்வது (டாக்ஸி), நிறுத்துமிடத்தில் துணை எஞ்சினை அணைத்துவிட்டு நிலையத்தின் மின்சாரத்தை எடுப்பது, கம்ப்ரஸரை அவ்வப்போது கழுவுவது. டெல்லியில் 2019-ல் ஏர் இந்தியா ஏ320 ஒன்றை டாக்ஸிபாட் என்ற இழுவை வண்டி ஓடுபாதைவரை இழுத்துச் சென்றது. எஞ்சின் அணைந்தே இருந்தது. கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதி தரை ஓட்டத்தில்தான் வருகிறது என்பதை மேலே பார்த்தோம், அதனால் இதன் பலன் நேரடியானது. விமானம் கனமாக இல்லாத நாளில் விமானிகள் முழு விசைக்குப் பதில் குறைந்த விசையில் கிளம்புவதும் வழக்கம். எஞ்சின் ஆயுளுக்காகச் செய்வது, நாக்ஸும் கணிசமாகக் குறைகிறது.

சின்ன விமானங்களைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏடிஆர் போன்ற டர்போபிராப் எஞ்சின்களுக்கு ஐசிஏஓவின் இந்த நாக்ஸ் வரம்பு கிடையாது. 26.7 கிலோநியூட்டனுக்கு மேற்பட்ட ஜெட் எஞ்சின்களுக்கு மட்டும்தான். ஹைட்ரஜன் எஞ்சின் வந்தால் கரியும் கார்பனும் போய்விடும், நாக்ஸ் போகாது; அது காற்றிலிருந்து வருவது.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், இந்த வரம்புக்கு உட்பட்ட ஜெட் எஞ்சின்களின் அளவீடு ஐசிஏஓவின் உமிழ்வுத் தரவுத்தொகுப்பில் இருக்கிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் இணையதளத்தில் எக்ஸெல் கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இண்டிகோவின் ஏ320நியோக்களில் சிலவற்றில் லீப்-1ஏ, சிலவற்றில் பிராட் அண்ட் விட்னியின் 1100ஜி இருக்கிறது. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டேக்-ஆஃப் நாக்ஸ், தரை ஓட்டக் கார்பன் மோனாக்சைடு, துகள் எண்ணிக்கை ஆகிய மூன்று பத்திகளைப் பாருங்கள். விமானம் ஒன்றுதான், ஒன்றில் மெலிந்த கலவை, மற்றதில் மஞ்சள் சுடரிலிருந்து தாவும் முறை. துகள் பத்தியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.